கொல்லிமலை மணலும் கடற்கரைக் கணக்கும்

மாணவ நண்பர்களே, கடற்கரையைப் பற்றிய கட்டுரை கொல்லிமலையில் தொடங்குவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நாமக்கல் மாவட்டத்தில் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டிய மலை அது. அங்கிருந்து பூம்புகார்க் கடல் நேர்கோட்டில் ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவு. அரப்பளீசுவரர் கோயிலின் அருகே படிக்கட்டில் இறங்கி ஆகாயகங்கை அருவியின் அடியில் நின்று பாருங்கள். காலடியில் பாறை, அதன் பக்கத்தில் கூழாங்கல், அதற்கும் கீழே சலசலக்கும் நீரில் பருமணல். கடற்கரை மணலுக்கு மூலப்பொருள் இங்கேதான் உருவாகிறது.

கொல்லிமலையின் பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் என்னும் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் குவார்ட்ஸ், பெல்ஸ்பார் முதலிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. மழைநீரும் காற்றில் உள்ள கரியமில வாயுவும் சேர்ந்து பெல்ஸ்பாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றிவிடுகின்றன. குவார்ட்ஸ் எளிதில் மசிவதில்லை. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7 மதிப்பு. ஆகவே பாறை சிதையும்போது குவார்ட்ஸ் மணிமணியாகப் பிரிந்து விழுகிறது. களிமண் நீரில் கலங்கி நெடுந்தூரம் மிதந்து செல்லும். மணல் ஆற்றின் அடியில் உருண்டும் துள்ளியும், வெள்ளம் வரும்போது ஓடி, வெள்ளம் வடிந்தால் தங்கி, பல ஆண்டுகள் கழித்தே கடலை அடையும்.

ஆகாயகங்கையில் விழும் அய்யாறு புளியஞ்சோலை வழியாக இறங்கி, திருச்சி மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. மலையின் இன்னொரு பக்கத்து நீரைக் கரைபோட்டானாறு காவிரிக்குக் கொண்டுபோகிறது. தம்மம்பட்டிப் பக்கம் ஓடும் சுவேதா நதியோ வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைக் காண்கிறது. இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அன்றிலிருந்து காவிரி மேலே இருந்து கொண்டுவரும் மணலின் பெரும்பகுதி அந்த நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது. கொல்லிமலை ஆறுகள் மேட்டூருக்குக் கீழே காவிரியில் சேர்வதால், அவற்றின் மணல் அந்த அணையில் சிக்குவதில்லை. அதற்கும் வழியில் வேறு தடைகள் உண்டு. முக்கொம்பில் 1836-இல் கட்டப்பட்ட மேலணை இருக்கிறது. ஆற்றுப் படுகையிலேயே லாரி லாரியாக மணலை அள்ளுவதும் இருக்கிறது. கடலோரத்தில் எழும்பும் மாளிகையின் சாந்தில் கலந்திருப்பது, அந்த மாளிகையின் முன்னால் கரையாகக் கிடந்திருக்க வேண்டிய மணலாகவும் இருக்கலாம்!

மணல் எங்கே போகிறது?

கடலை அடைந்த மணல் அப்படியே கிடப்பதில்லை. அலை கரைக்குச் செங்குத்தாக வந்து மோதினால் மணல் முன்னும் பின்னும் அசையும், அவ்வளவுதான். அலை சாய்வாக வரும்போது கதை வேறு. ஏறும் நீர் மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. இறங்கும் நீர் புவியீர்ப்பினால் நேராகக் கீழே இழுக்கிறது. இப்படி ஏறி இறங்கி, ரம்பப் பல் போன்ற பாதையில், ஒவ்வொரு மணியும் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். விசையை இரு கூறுகளாகப் பிரிக்கும் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். கரைக்கு இணையான கூறுதான் மணலை நடத்திச் செல்கிறது.

நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வருகின்றன. மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது திசை மாறி, மணல் தெற்கே திரும்புகிறது. முதல் காலம் நீளமானது. ஆகவே ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. கரையோரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் ஆறு ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலைக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திற்கும் அலை கொண்டுவரும் திறனை ஏறத்தாழக் கணக்கிட ஓர் எளிய வாய்பாடு உண்டு. அலை உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை அலைவு நேரத்தால் (வினாடியில்) பெருக்கி, இரண்டால் வகுத்தால், விடை கிலோவாட்டில் கிடைக்கும். ஒரு மீட்டர் உயரம், 8 வினாடி அலைவு நேரம் என்றால் மீட்டருக்கு 4 கிலோவாட். ஒரு கி.மீ. கரைக்கு 4000 கிலோவாட். புயல் வந்து அலை இரண்டு மீட்டராக உயர்ந்தால், உயரம் இருமடங்கு. திறனோ நான்கு மடங்கு. சரிவான மணற்கரை இந்த ஆற்றலை நுரையாகவும் இரைச்சலாகவும் மணல் உராய்வாகவும் சிதறடித்துவிடுகிறது. மணற்கரை இல்லாத இடத்தில் இதே ஆற்றல் வீட்டுச் சுவரின்மேல் விழும்.

மணல் ஆற்றின் குறுக்கே ஒரு சுவர்

1876-இல் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானப் பணி தொடங்கியது. கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் மணல் ஆற்றை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. மெரினா இன்றைய அகலத்தைப் பெற்றதற்கு இதுவே காரணம். வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டைக் கரைகளுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் ஊருக்குள் நுழைந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மெரினாவில் சுண்டல் தின்றபடி நாம் உட்கார்ந்திருக்கும் மணல், ஒருவகையில் ராயபுரத்துக்கு வரவேண்டிய பாக்கி.

நூறாண்டு கழித்து இதே பாடம் புதுச்சேரியில் திரும்பவும் நடத்தப்பட்டது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக 1980-களின் இறுதியில் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியே வடக்கே அனுப்ப வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. ஆனால் அந்த வேலை தொடர்ந்து நடைபெறவில்லை. சில ஆண்டுகளிலேயே நகரின் புகழ்பெற்ற கடற்கரைச் சாலையின் முன்னிருந்த மணல் மறைந்து, கருங்கற்குவியல்தான் மிஞ்சியது. கற்களைக் கொட்டிய இடம் தப்பியது. அரிப்பு வடக்கே நகர்ந்தது. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற மீனவர் குப்பங்களில் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இடமில்லாமல் போனது. இந்த ஊர்கள் புதுச்சேரியைச் சேர்ந்தவை அல்ல. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளவை. துறைமுகத்தின் வருமானம் ஓர் அரசுக்கு, அரிப்பு இன்னோர் அரசின் குடிமக்களுக்கு. இந்த எல்லைக்கோட்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

2018-இல் சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்கு அடியில் ஆப்பு வடிவிலான ஓர் எஃகுத் திட்டை இறக்கினார்கள். அலை அதன்மேல் உடைந்து வலுவிழக்கும். வலுவிழந்த நீரில் மணல் படியும். கூடவே முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மணலைக் காணாத கடற்கரைச் சாலையின் முன்னால் மறுபடியும் பிள்ளைகள் விளையாடினார்கள். இதற்கான பணத்தை மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் கொடுத்தது.

ஒரு முறை கொடுத்தால் போதுமா என்பதுதான் கேள்வி. வடக்கே போகும் மணல் நிற்கப்போவதில்லை. கடற்கரையை மீட்பது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற வேலை. சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் டுவீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் ஒரு நீண்ட பாலத்தின் அடியில் பம்புகளை வைத்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர் மணலை முகத்துவாரத்தைத் தாண்டி அனுப்புகிறார்கள். நெதர்லாந்தில் 2011-இல் 215 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, அலைகளே அதைக் கரையெங்கும் பரப்பட்டும் என்று விட்டுவிட்டார்கள். செலவு சுமார் 7 கோடி யூரோ. வகுத்துப் பாருங்கள், கன மீட்டருக்கு மூன்று யூரோவுக்குச் சற்று மேல் வரும்.

பத்திரத்தில் ஒரு பங்கு

இந்தப் பணத்தை யார் கொடுப்பது? அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே 1968 முதல் வீடோ நிலமோ கைமாறும்போது விற்பவர் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். 1992-இல் கரைப்பாதுகாப்பு நிதி என்று ஒன்றைத் தொடங்கி, அந்தக் கட்டண வருவாயிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலரை அதில் போட்டார்கள். 1998-இல் அதை இரண்டரைக் கோடியாக உயர்த்தினார்கள். பெரிய மணல் நிரப்பும் திட்டம் என்றால் செலவில் 65 விழுக்காட்டை மைய அரசு ஏற்கும். மீதமுள்ள 35-இல் முக்கால் பங்கு மாநில நிதியிலிருந்தும், கால் பங்கு ஊராட்சியிடமிருந்தும் வரும். அரசுப் பணத்தில் மணல் போட்டால், அந்தக் கரையில் பொதுமக்கள் நடமாட வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை.

இதன் நியாயம் எளிதாகப் புரியக்கூடியது. கரை அகலமாக இருந்தால் கரையோர மனையின் விலை ஏறும். ஏறிய விலையைக் காசாக்குகிறவர், அந்த விலைக்குக் காரணமான மணலுக்கு ஒரு சிறு பங்கு கொடுக்கட்டும். மாதாமாதம் யாரும் வசூலிக்கப் போக வேண்டியதில்லை. பத்திரம் பதிவாகும் நாளில், பணம் கையில் இருக்கும்போதே, வரி கட்டியாகிவிடும்.

நம் ஊரில் இது முற்றிலும் புதிய ஏற்பாடாக இராது. உங்கள் வீட்டில் யாராவது நிலம் வாங்கியிருந்தால் கிரயப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் ஏற்பட்ட மாற்றத்தின்படி, விற்பனைக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 5 விழுக்காடு, மாற்றுத் தீர்வை 2 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. வழிகாட்டி மதிப்பைக் கொண்டு இவற்றைக் கணக்கிடுவார்கள். கட்டுபவர் நியூஜெர்சியைப் போல விற்பவர் அல்லர், வாங்குபவர். இவற்றில் மாற்றுத் தீர்வை உள்ளாட்சி அமைப்புகளுக்குப் போகிறது. ஆக, நிலம் கைமாறும்போது ஊருக்கு ஒரு பங்கு என்ற ஏற்பாடு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அது தெருவிளக்குக்கும் சாலைக்கும் செலவாகலாம். மணலுக்கென்று அதில் தனிக் கணக்கு இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம்

கடலோர ஊர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் கன மீட்டர் மணல் தேவை என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 300 ரூபாய் என்று கொண்டால் 3 கோடி ரூபாய் ஆகும். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் நடக்கும் விற்பனைக்கு மட்டும் அரை விழுக்காடு கூடுதல் தீர்வை விதிக்கிறோம். ஒரு மனை சராசரியாக 50 லட்சம் ரூபாய்க்கு விற்றால், தீர்வை 25,000 ரூபாய். 3 கோடி சேர 1200 விற்பனைகள் நடக்க வேண்டும். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து பத்திரம், அதுவும் அந்த 500 மீட்டர்ப் பட்டைக்குள்ளேயே! சிற்றூருக்கு இது நடக்கிற காரியமல்ல.

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளதைப் போன்ற ஐந்து கோடி ரூபாய் மாளிகைகள் என்றால் 120 விற்பனை போதும். இப்போது விடை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். மாளிகைக்காரர் கரைக்கு மணல் வரும். மீனவர் குப்பத்துக்கு வராது. குப்பத்தில் பல வீடுகள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருப்பவை. சிலவற்றுக்குப் பட்டாகூட இராது. விற்பனையே நடக்காத இடத்தில் விற்பனை வரி எப்படிச் சேரும்? ஆனால் மணல் இல்லாவிட்டால் பிழைப்பு போவது அங்கேதான். படகை இழுத்துவைக்கும் கரை அவர்களுக்குப் பணிமனை, கிடங்கு, சந்தை எல்லாமே.

ஆகவே வசூலித்த ஊரிலேயே செலவிடுவது என்ற விதி எனக்குச் சரியாகப் படவில்லை. நியூஜெர்சியிலும் கட்டணம் கடலோரத்தில் மட்டுமல்ல, மாநிலம் முழுவதும் வசூலாகிறது. பணம் ஒரே நிதியில் சேர்ந்து தேவையான கரைக்குப் போகிறது. நாமும் அப்படிச் செய்தால், நாமக்கல்லில் மனை விற்பவரும் தரங்கம்பாடிக் கரைக்குக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தரங்கம்பாடியில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதைப் பார்க்க நாமக்கல் மாணவர்களும் சுற்றுலா போகிறார்கள். ஆனாலும் கடலோரத்துக்குக் கூடுதல் விகிதம், உள்நாட்டுக்கு மிகச் சிறு விகிதம் என்று பிரிப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

இன்னொரு சிக்கல் இயற்பியலாருக்கு உடனே கண்ணில் படும். ஒலிபெருக்கியின் முன்னால் மைக்கை வைத்தால் ஊளையிடும் அல்லவா? மைக்கில் புகுந்த ஒலி பெருகி வெளியே வந்து மறுபடி மைக்கிலேயே புகுவதால் வரும் வினை அது. மணல் போட்டால் கரை அகலும், மனை விலை ஏறும், வரி கூடும், இன்னும் மணல் போடலாம். பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பி இன்னும் பலர் கடலுக்கு அருகில் கட்டுவார்கள். அவர்களைக் காக்க இன்னும் மணல் வேண்டும். இந்தச் சுற்றை எங்காவது அறுக்க வேண்டும். 1991-இல் முதலில் வெளிவந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்களைக் கட்டுப்படுத்துவது இதனால்தான் முக்கியமாகிறது. வரி ஒருபுறம் சேர, விதி மறுபுறம் தளர்ந்தால் பயனில்லை.

நில விற்பனையோ ஏறி இறங்கும் தொழில். 2008-இல் அமெரிக்காவில் வீட்டுச் சந்தை சரிந்தபோது விற்பனைக் கட்டணங்களும் சரிந்தன. புயல் சந்தை நிலவரம் பார்த்து வருவதில்லை. 2012 அக்டோபரில் சாண்டிப் புயல் நியூஜெர்சிக் கரையைத் தாக்கியபோது, ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் நிதி அந்தச் சேதத்துக்கு முன்னால் சிறு தொகை. மைய அரசின் பெரும் உதவி தேவைப்பட்டது. நம் நாட்டில் 15-ஆவது நிதிக்குழு 2021–26 ஆண்டுகளுக்கு அரிப்பைத் தடுக்க 1500 கோடியும், அரிப்பால் வீடிழந்தோரைக் குடியமர்த்த 1000 கோடியும் பரிந்துரைத்தது. இது நாடு முழுவதற்கும், ஆற்றங்கரை அரிப்பையும் சேர்த்து. 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்ததில், இந்தியக் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பது தெரியவந்தது. நீளத்தை வைத்து வகுத்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிடைப்பது அதிகமில்லை.

யார் மறித்தாரோ அவர்

நில விற்பனை வரியைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், அதை முதல் வழியாக நான் கருதவில்லை. மணலை மறித்தவரிடம் முதலில் கேட்பதே முறை. விசாகப்பட்டினம் துறைமுகம் 1933-இல் திறக்கப்பட்டது. அலையைத் தடுக்க இரண்டு பழைய கப்பல்களையே மூழ்கடித்தார்கள் என்பது சுவையான செய்தி. அங்கே ஓரிடத்தில் மணலைத் தங்கவைத்து, தூர்வாரிக் கப்பலால் எடுத்து, வடக்கே உள்ள நகரக் கடற்கரைக்கு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. கப்பல் வந்து போகும் வருமானத்தில் மணலுக்கும் ஒரு செலவு. தூண்டில் வளைவு என்று நம் மீனவர்கள் சொல்லும் குறுஞ்சுவர்களுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். ஓர் ஊர் கேட்டு வாங்கும் தூண்டில் வளைவு, வடக்கே அடுத்த ஊரின் மணலைப் பிடித்துவைக்கிறது. அந்த ஊரும் ஒன்று கேட்கும்; பிறகு அதற்கடுத்த ஊர்.

மறித்தவர் கொடுத்தது போதாதபோது, பலன் பெறுபவர் கொடுக்கும் வரி துணைக்கு வரலாம். புதுச்சேரி எல்லைக்கோட்டை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் வசூலாகும் தீர்வை புதுச்சேரி அரசின் கருவூலத்துக்குப் போகும், பொம்மையார்பாளையத்துக்கு வராது. மணல் ஆற்றுக்குச் சோதனைச்சாவடி கிடையாது. ஆகவே ஒரு மணல் ஓட்டத்தின் நீளம் முழுவதற்கும் ஒரே கணக்கு இருந்தால்தான் இந்த வரி நியாயமாக வேலை செய்யும். காவிரி நீருக்கு மாநிலங்கள் சேர்ந்து ஓர் ஆணையம் வைத்திருப்பதைப் போல மணலுக்கும் ஏன் ஒன்று கூடாது?

அந்தக் கணக்கை நீட்டிக்கொண்டே போனால் ஆற்றுப் படுகைக்கும், அணைக்கும், கடைசியில் கொல்லிமலைக்கும் வந்து நிற்போம். ஆற்றில் ஒரு லாரி மணலை அள்ளுவதும் கரையில் ஒரு லாரி மணலைக் கொட்டுவதும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம்

ஒரு பெரிய தாம்பாளம் அல்லது மரத்தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான ஒரு விளிம்பில் ஈர மணலைச் சரிவாக அமைத்து, எதிர்ப்பக்கம் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மரப்பட்டையைத் தண்ணீரில் நிறுத்தி, கரைக்குச் சாய்வாக, மெதுவாக, ஒரே சீராக அசையுங்கள். மணலில் ஓரிடத்தில் கொஞ்சம் மஞ்சள்தூளோ கோலப்பொடியோ கலந்து வைத்தால் அது நகர்வது தெரியும். பிறகு கரையிலிருந்து தண்ணீருக்குள் நீட்டியபடி ஒரு செங்கல் துண்டை வையுங்கள். இருநூறு முறை அசைத்தபின் செங்கல்லின் இரு பக்கத்திலும் கரையின் அகலத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். இனி ஒரு தேக்கரண்டியால் குவிந்த பக்கத்து மணலை எடுத்து மறுபக்கம் போட்டுக்கொண்டே அலையை ஓட்டுங்கள். எத்தனை அலைக்கு ஒரு கரண்டி போட்டால் இரு கரையும் மாறாமல் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். மரப்பட்டையின் சாய்வை மாற்றினால் அந்த எண்ணும் மாறும். 45 பாகைக்கு அருகில் கரண்டிக்கு அதிக வேலை இருக்கும்.